படையலுக்கு வந்தவர்

கல்யாணப் பத்திரிகைக் கட்டு அச்சாகி வந்த அன்று ஜெயம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டு அடுப்பங்கரைக்கு ஓடியதையும், மகள் பத்மா பின்னாலேயே ஓடி அவள் கையைப் பிடித்து நிறுத்தியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். மூலையில் மஞ்சள் தடவி, தணிகைமலை முருகன் படம் போட்ட பத்திரிகை. அதைப் போய் அடுப்பில் வைக்கப் பார்க்கிறாளே, அம்மாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்று பத்மா பதறிப்போனாள். கேட்டதற்கு ஒரே பதில்தான் வந்தது.

"ஊர் பேரு போட்டுட்டாங்களே."

அதற்கு மேல் ஜெயம்மாள் வாயைத் திறக்கவில்லை.

அது நடந்து ஆறு நாள் ஆகிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான்.

பத்திரிகையில் தப்பாக எதுவும் இல்லை. 'பள்ளிப்பட்டு காலஞ்சென்ற ஜ. சிங்காரம் அவர்களின் ஏக புத்திரி சௌபாக்கியவதி பத்மா' என்று போட்டிருந்தது. போட வைத்தவள் மணவூர் கோமளவல்லி. மாப்பிள்ளை பரசுராமனைப் பெற்றவள். புருஷன் ரயில்வேயில் கேங்மேன். நல்ல மனுஷி. "அப்பன் இல்லாத பொண்ணு, அதுங்கிட்ட இன்னாத்த வாங்கறது" என்று சொல்லி, சீர் என்ற பேச்சையே எடுக்காமல் சம்பந்தம் பேசியவள். ஆனால் முறை என்று வந்துவிட்டால் ஒரு நூலிழைகூட விட்டுக்கொடுக்க மாட்டாள். அச்சாபீசில் நின்றுகொண்டு, "பொண்ணோட அப்பன் பேரும் இல்ல, ஊரும் இல்லன்னா பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?" என்று கேட்டு, ஜெயம்மாள் வாயிலிருந்து இரண்டையும் பிடுங்கினாள்.

அதோடு விட்டாளா?

"கல்யாணத்துக்கு முன்னாடி செத்தவருக்குப் புதுத்துணி வெச்சிப் படைக்கணும் ஜெயம்மா. அவரு வந்து சாப்ட்டுட்டுப் போனாத்தான் எம்மனசு ஆறும். நானும் வந்து கூட இருக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள், இன்று காலை ரயிலைப் பிடித்து, மடியில் ஒரு கரை வேட்டியோடு வந்து இறங்கிவிட்டாள்.

ஜெயம்மாள் குடியிருப்பது, வீட்டுக்காரம்மா சின்னம்மாளின் வீட்டுப் பின்பக்கத்துப் போர்ஷன். ஒரு அறை, அதற்குப் பின்னால் அடுப்பங்கரை, அடுப்பங்கரைக் கதவைத் திறந்தால் விசைத்தறிக் கொட்டகைச் சந்து. திருத்தணி இன்னும் ஆந்திராவில் இருந்த காலத்தில் நாலு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஜெயம்மாள், இந்த அறையில் ராட்டை சுற்றித்தான் மகளை ஆளாக்கினாள். நெற்றியில் பொட்டு கிடையாது. தலையில் பூ கிடையாது. ஒருத்தர் வீட்டு வாசலில் நின்று நாலு வார்த்தை பேசியது கிடையாது. "இருந்தா ஜெயம்மா மாதிரி இருக்கணும்" என்று தெருவே சொல்லும். அந்தப் பேச்சுதான் மணவூர் வரைக்கும் போய், இந்தச் சம்பந்தத்தையே கொண்டுவந்தது.

சாமி படங்களுக்குப் பக்கத்தில் சுவரோரமாக இலை போட்டார்கள். சாதம், சாம்பார், வடை, பாயசம். நடுவில் பாகற்காய்ப் பொரியல். பாகற்காய்க் குழம்பு தனியாக.

"இன்னா ஜெயம்மா, படையல்ல போயி பாவக்கா?" என்றாள் கோமளவல்லி.

"அவருக்குப் புடிச்சது அதுதாங்க."

ஆமாம், அது பத்மாவுக்கும் தெரியும். வருஷா வருஷம் அப்பாவுக்குப் படைக்கும்போது அம்மா வைப்பது அதைத்தான். சின்ன வயதில் பத்மாவுக்குப் பாகற்காய் தொண்டையில் இறங்காது. நைனாவுக்குப் பிடித்ததாயிற்றே என்று கண்ணில் தண்ணீர் வரத் தின்று பழகினாள். இப்போது அவளுக்கும் அதுதான் பிடிக்கும். அப்பன் முகம் தெரியாத பெண்ணுக்கு அப்பனிடமிருந்து வந்த சொத்து என்று அது ஒன்றுதான் இருந்தது.

வேட்டியையும் துண்டையும் இலைக்கு முன்னால் மணைமேல் வைத்தார்கள். ஒரு சொம்பில் தண்ணீர் வைத்தார்கள். கற்பூரம் காட்டிவிட்டு, கூடமாட இருந்த சின்னம்மாள் உட்பட எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். செத்தவர் வந்து சாப்பிடும்போது உயிரோடு இருக்கிறவர்கள் பார்க்கக் கூடாது. ஒரு வெற்றிலை போட்டு மென்று முடிக்கிற நேரம் காத்திருந்து, மூன்று தரம் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

கோமளவல்லி வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினாள்.

சொல்லி வைத்தாற்போல அந்த நேரம் பார்த்துக் கரெண்டு போயிற்று. கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த அத்தனை தறியும் ஒரே அடியாக நின்றன. காது அடைத்துப்போன மாதிரி ஒரு அமைதி.

அந்த அமைதியில், சாத்திய கதவுக்கு உள்ளே யாரோ இருமினார்கள்.

ஆம்பிளை இருமல்.

கோமளவல்லி கையிலிருந்த வெற்றிலை நழுவிக் கீழே விழுந்தது. சின்னம்மாள் மார்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"வந்துட்டாரு!" என்றாள் சின்னம்மாள். "அம்மாடி, மெய்யாலுமே வந்துட்டாரு!"

கோமளவல்லி அப்படியே வாசலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். "சம்பந்தி! வயிறு நெறைய சாப்புடுங்க! உங்க பொண்ண எம்பொண்ணாப் பாத்துக்கறேன் சம்பந்தி!"

பத்மாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நைனா வந்துவிட்டார். பதினைந்து வருஷமாக வராதவர் தன் கல்யாணத்துக்கு வந்துவிட்டார். அழுகையும் சந்தோஷமுமாக அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

பார்த்ததும் அவள் அழுகை நின்றுபோயிற்று. அம்மா முகத்தில் பக்தி இல்லை. கஞ்சியில் முக்கி எடுத்த நூல் மாதிரி வெளுத்துப்போய்க் கிடந்தது அந்த முகம்.

ஜெயம்மாள் எழுந்தாள். கதவைத் தட்டவில்லை. நேராகத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"அடியே, தட்டாம போறியே!" என்று சின்னம்மாள் கத்தினாள்.

அம்மா மயங்கி விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் பத்மாவும் பின்னால் நுழைந்தாள். அவள் நுழைந்த மறுகணம் ஜெயம்மாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

உள்ளே இலைக்கு முன்னால் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். நரைத்த கிராப்பு. கசங்கிய சட்டை. கையில் காலிச் சொம்பு. பத்மா முதலில் பார்த்தது அவர் காலைத்தான். பேய்க்குக் கால் இருக்காது என்பார்கள். இவருக்குக் கால் இருந்தது. கட்டைவிரல் காய்த்துப்போன, தறிக்காரன் கால்.

"தண்ணி மட்டுந்தான் குடிச்சேன்," என்றார் அந்த ஆள் தாழ்ந்த குரலில். "பஸ்ஸுல நின்னுகினே வந்தேன். முன்னால ஆளுங்க இருக்கவே சந்துப் பக்கமா வந்தேன். கதவு தொறந்து கெடந்துச்சு."

"எதுக்கு வந்தே?" என்றாள் ஜெயம்மாள்.

"நீன்னு பேசறியா?"

"செத்தவங்கள வேற எப்படிப் பேசுவாங்க?"

பத்மாவுக்குக் காலுக்குக் கீழே தரை நகர்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆள் அவள் பக்கம் திரும்பினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது பத்மாவா?"

அவர் மூக்கும், அகன்ற நெற்றியும், ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கினாற்போல இருக்கும் புருவமும், தினமும் காலையில் பத்மா கண்ணாடியில் பார்க்கிறவைதான்.

"அம்மா," என்றாள். மறுபடியும், "அம்மா, யாரும்மா இது?"

"உங்க நைனா," என்றாள் ஜெயம்மாள். பால்காரன் வந்திருக்கிறான் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

தாயும் மகளும் செத்தவரிடம் முறையிடுகிறார்கள் என்று நினைத்து, வெளியே கோமளவல்லி மெல்லிய குரலில் முருகன் பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்திருந்தாள்.

சிங்காரம் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த பத்திரிகையை எடுத்தார். "எங்க மொதலாளிக்கு வந்துது. தறிமேல வெச்சிட்டு டீ குடிக்கப் போனாரு. நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். காலஞ்சென்ற ஜ. சிங்காரம். எம்பேரு. எங்கப்பன் பேரோட மொத எழுத்து. எங்க ஊரு. பொண்ணு பேரு பத்மா. கீழ இந்த ஊட்டு வெலாசம். வேர்த்துப்போச்சு எனக்கு. இன்னும் யார் யாருக்கு அனுப்பிகீறீங்க பள்ளிப்பட்டுல?"

"எனக்குத் தெரியாது. மாப்பிள்ள ஊட்டுக்காரங்க அனுப்பனது."

"இன்னொருத்தன் கையில மாட்டினா என் பொழப்பு இன்னா ஆவும்? எனக்குப் பொண்டாட்டி கீறா. மூணு புள்ளைங்க கீது. உயிரோட இருக்கறவன் செத்துட்டான்னு அச்சடிச்சி..."

"நீங்க உயிரோட இருக்கறது வெளிய தெரிஞ்சா உங்களுக்கு இன்னா கஷ்டம்?" என்று பத்மா கேட்டாள். கேட்டது தானா என்று அவளுக்கே தெரியவில்லை. "கஷ்டம் எங்களுக்குத்தானே? நீங்க பொய் சொல்லலியே?"

சிங்காரம் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லு," என்றாள் ஜெயம்மாள். "நீ இன்னா சொன்னேன்னு எனக்கும் தெரியணும்."

"பொண்டாட்டி உட்டுட்டுப் போயிட்டான்னு எந்த ஆம்பள சொல்லுவான்?" சிங்காரம் முணுமுணுத்தார். "அந்த வருசம் ஆத்துல வெள்ளம் வந்துது. அம்மா ஊட்டுக்குப் போனவ, கொழந்தையோட ஆத்துல போயிட்டான்னு சொன்னேன். ஊரே வந்து அழுதுது. கருமாதி பண்ணேன். மொட்ட போட்டேன்."

"கொழந்தையோடயா?" என்றாள் பத்மா.

"ஆங்."

"அப்ப, நானும்..."

"நீயும்தாம்மா." அவர் சொம்பைக் கீழே வைத்தார். "வருசா வருசம் உனக்கு ஒரு பாவாட எடுத்து வெச்சிப் படைப்போம். செவப்புப் பாவாட. படைச்சிட்டு அத எங்க சின்னப் பொண்ணு கட்டிக்கும். பத்து வயசாவுது அதுக்கு. செத்துப்போன அக்கா குடுத்த பாவாடன்னு தெருவெல்லாம் காட்டிகினு வரும்."

பத்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்பன் உயிரோடு இருக்கிறான் என்பதைக்கூட மனசு எப்படியோ தாங்கிக்கொண்டது. ஆனால் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு ஊரில், தான் நாலு வயதில் ஆற்றோடு போனவள் என்று கேட்டபோது, தன் கையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஊர் கூடித் தனக்காக அழுதிருக்கிறது. தன் துணியை ஒரு தங்கச்சி உடுத்திக்கொண்டு ஓடுகிறாள். இங்கே ராட்டை சுற்றிக்கொண்டிருந்தவள் அப்படியானால் யார்?

"இவரு உன்ன அடிச்சாராம்மா?" என்று கேட்டாள். ஏதாவது ஒரு பெரிய காரணம் வேண்டும்போல இருந்தது அவளுக்கு. "குடிச்சாரா? வேற பொம்பள வெச்சிருந்தாரா?"

"ஒரே ஒரு தபா அடிச்சாரு," என்றாள் ஜெயம்மாள்.

இலையருகே உட்கார்ந்தாள். விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

"நான் நல்லா சிரிப்பேன் பத்மா. உனக்குத் தெரியாது. சின்னப்புள்ளையில இருந்தே அப்படித்தான். சிரிச்சேன்னா தெருக்கோடிக்குக் கேக்கும். ஒரு நா கொட்டகையில யாரோ இன்னாவோ சொன்னாங்க, நான் சிரிச்சேன். பத்துப் பேரு இருக்காங்க. இவரு எழுந்து வந்து பளார்னு உட்டாரு. பொம்பள சிரிக்கிற சிரிப்பா இதுன்னாரு. அத்தினி பேரும் குனிஞ்சி தறிய ஓட்டினாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு வலிக்கல. ஆனா, இனிமே இந்த ஊட்டுல எனக்குச் சிரிப்பு வராதுன்னு தெரிஞ்சிபோச்சு. மறுநாளு உன்னத் தூக்கிகினு பஸ் ஏறிட்டேன்."

"அதுக்காகவா?" என்றாள் பத்மா.

"பாத்தியா, நீயே கேக்கறே. அதுக்காகவான்னு." ஜெயம்மாள் மகளை நேராகப் பார்த்தாள். "பஸ் ஸ்டாண்டுல எறங்கி மூணு ஊடு ஏறி எறங்கினேன். மொத ஊட்டுல புருசன் எங்கன்னாங்க. புடிக்கல, வந்துட்டேன்னு நெசத்தச் சொன்னேன். மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்தினாங்க. ரெண்டாவது ஊட்டுலயும் நெசத்தச் சொன்னேன். அந்த ஊட்டு ஆம்பள மட்டும் பின்னாலயே வந்து, ராத்திரிக்கு எங்க தங்குவேன்னு கேட்டான். நேரா மலை ஏறினேன். தாலியக் கழட்டி உண்டியல்ல போட்டேன். கொளத்துல எறங்கி மூஞ்சியக் கழுவிகினேன். மூணாவதா இந்தச் சின்னம்மா ஊடு. புருசன் எங்கன்னு கேட்டாங்க. செத்துட்டாருன்னேன். உள்ள கூப்புட்டு சோறு போட்டாங்க."

வெளியே பாட்டு நின்று, யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"புருசன உட்டவளுக்குத்தான் எடமில்ல. புருசன் செத்தவளுக்கு எடம் கீது. ஆனா அவ சிரிக்கக் கூடாது. பதினஞ்சு வருசம் நான் சிரிக்கல. சிரிக்கணும்னு வந்தவ நான்."

பத்மா யோசித்துப் பார்த்தாள். அம்மா சிரித்து ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. எதற்காவது உதடு துடித்தால்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். துக்கம் தாங்காமல் அழப் போகிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் பத்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் சிங்காரம் திடீரென்று.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"எட்டு வருசம் இருக்கும். கிருத்திகைக்குக் காவடி எடுத்துகினு வந்தேன். பொய்கைப் படிக்கட்டுல உன்னப் பாத்தேன். பொட்டு இல்ல. பூ இல்ல. பக்கத்துல இந்தப் பொண்ணு சொம்புல தண்ணி மொண்டுகினு இருந்துது. ஓகோ, நான் செத்துட்டேன்னு புரிஞ்சிபோச்சு. கூட எம்பொண்டாட்டி நின்னுகினு இருந்தா. கும்பல்ல பூந்து போயிட்டேன்."

"பாத்துட்டு, போயிட்டீங்களா?" என்றாள் பத்மா.

"நிம்மதியா இருந்துதும்மா," என்றார் சிங்காரம். சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருப்பிய முகம் இலைப்பக்கம் போயிற்று. அப்போதுதான் இலையில் இருப்பதைச் சரியாகப் பார்த்தார். கிட்டே போய்க் குனிந்தார்.

"இது இன்னாது? பாவக்காவா?"

"ஆமா."

"எனக்குப் போயி பாவக்கா வெச்சிகீறே? நான்தான் அத வாயிலயே வெக்க மாட்டேனே! அந்த வாசன வந்தாலே பந்தியவுட்டு எழுந்து போயிடுவேனே! மறந்துட்டியா?"

"மறக்கல," என்றாள் ஜெயம்மாள். "நல்லா ஞாபகம் கீது. அதான் வெச்சேன். பதினஞ்சு வருசமா அதான் வெச்சிகினு வரேன்."

சிங்காரம் வாயைப் பிளந்தார். இலையைப் பார்த்தார். குழம்பைப் பார்த்தார். தனக்கென்று வந்த பதினைந்து வருஷத்துப் பாகற்காயும் தொண்டையில் ஏறி நிற்கிற மாதிரி அவர் முகம் கோணிக்கொண்டு போயிற்று.

அந்த முகத்தைப் பார்த்த ஜெயம்மாளுக்கு ஏதோ ஆயிற்று. முந்தானையை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். போகிற கை பாதியிலேயே நின்றுவிட்டது.

ஜெயம்மாள் சிரித்தாள்.

அது சின்னச் சிரிப்பு இல்லை. வயிற்றுக்குள்ளிருந்து கிளம்பி, தோளைக் குலுக்கி, கண்ணில் தண்ணீரை வரவழைத்து, அறை முழுக்க உருண்டு ஓடிய சிரிப்பு. பத்மாவுக்குப் பயமாக இருந்தது. யாரோ புதுப் பொம்பிளை அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. நாலு வருஷம் சின்னவளாக, பத்து வருஷம் சின்னவளாக, கண்ணெதிரே அம்மா மாறிக்கொண்டே போனாள்.

"சத்தம் போடாத ஜெயா, கேக்கப் போவுது!" என்று சிங்காரம் கையை ஆட்டினார்.

அந்த வார்த்தையில் அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்தது.

வெளியே மூக்கைச் சிந்தும் சத்தம் நின்றுபோயிற்று. பிறகு கதவு தட்டப்பட்டது. மூன்று தரம் இல்லை. தடதடவென்று.

"ஜெயம்மா! உள்ள யாரு சிரிக்கறது? கதவத் தொற!" கோமளவல்லியின் குரலில் பக்தி போய் வேறு ஏதோ வந்திருந்தது. "படையல் போட்ட ஊட்டுல யாரு அப்படிச் சிரிக்கறது?"

சிங்காரம் அடுப்பங்கரைப் பக்கம் பாய்ந்தார். அதற்குள் சந்துப் பக்கமிருந்து சின்னம்மாள் குரல் வந்தது. "பின்கதவு தொறந்துதான் கீது சம்பந்தி, நான் இப்படிக்கா வரேன்!"

இரண்டு பக்கமும் ஆள். ஜெயம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. நடப்பது நடக்கட்டும் என்ற மாதிரி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்மா பரசுராமனை நினைத்தாள். மணவூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரே ஒரு தடவை பார்த்தது. "சினிமாவுக்கெல்லாம் போவியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தானே வெட்கப்பட்டவன். இன்னும் ஒன்பது நாள்.

எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தாள்.

அடுப்பங்கரை வழியாகச் சின்னம்மாளும், முன்வாசல் வழியாகக் கோமளவல்லியும் உள்ளே வந்தார்கள். அறை நடுவில் ஒரு ஆம்பிளை நிற்பதைப் பார்த்ததும் கோமளவல்லி அப்படியே நின்றாள்.

"யாரு சிரிச்சது?"

"நான்தான் அத்தே," என்றாள் பத்மா.

"நீயா? இவரு யாரு?"

சிங்காரம் இரண்டு கையையும் கூப்பினார். ஒரு கணம்தான் தடுமாறினார். அடுத்த கணம் தறியில் நூலை இழுத்துக்கொண்டு நாடா பாய்கிற மாதிரி வார்த்தை பாய்ந்து வந்தது.

"சடகோபனுங்க. செத்தவரோட தம்பி. அண்ணனுக்கும் எனக்கும் பல வருசமாப் பேச்சு வார்த்த இல்லீங்க. பத்திரிகையப் பாத்துத்தான் அண்ணன் போனதே தெரிஞ்சிது. மனசு கேக்கல, வந்துட்டேன்."

சொல்லிவிட்டு அழவும் செய்தார். அந்த அழுகை பொய்யா நிஜமா என்று பத்மாவுக்குத் தெரியவில்லை.

கோமளவல்லி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பத்மா முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் அவர் முகத்தை.

"ஆமாண்டி! அச்சு அசல்! அந்த மூக்கப் பாரேன்!" அவள் கண் கலங்கிவிட்டது. "அப்ப இருமுனது நீங்கதானா? நான் சம்பந்தின்னு நெனச்சி, புழுதில வுழுந்து கும்புட்டேனே! பரவால்ல, ஒரே ரத்தந்தானே. ஜெயம்மா, இப்படி ஒரு கொழுந்தன் இருக்காருன்னு சொல்லவே இல்லியே? அழுத்தக்காரி! தார வாக்க ஆளில்லியேன்னு நானும் அவரும் எத்தினி நாளாப் பேசிகினு இருந்தோம்! சித்தப்பா இருக்கறப்போ வேற யாரு கையில பொண்ணக் குடுக்கறது? இந்தாங்க!"

மணைமேல் இருந்த கரை வேட்டியை எடுத்துச் சிங்காரத்தின் கையில் வைத்தாள். செத்துப்போன சிங்காரத்துக்காக வாங்கிய வேட்டி.

"மணவறையில இதக் கட்டிகினு நில்லுங்க. அடியே பத்மா, மரம் மாதிரி நிக்கறியே. சித்தப்பா கால்ல வுழு!"

பத்மா அம்மாவைப் பார்த்தாள். ஜெயம்மாளோ, இதை நீதான் சொல்லவேண்டும் என்பது போல மகளைத் திருப்பிப் பார்த்தாள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், மூன்றாவது வீட்டு வாசலில் அவள் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

பத்மா குனிந்தாள். காய்த்துப்போன அந்தக் கால்களைத் தொட்டாள்.

"ஆசீர்வாதம் பண்ணுங்க, சித்தப்பா."

அந்த வார்த்தை ஒரு இடத்திலும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து எத்தனையோ அதிர்ச்சி. செத்தவர் இருமினார், தான் ஆற்றோடு போனாள், அம்மா சிரித்தாள். ஆனால் தன் வாயிலிருந்து அந்த 'சித்தப்பா' வந்த சுலபத்தைக் கேட்டபோதுதான் பத்மாவுக்கு நெஞ்சு ஒரு துடிப்பு நின்று ஓடியது. ஒரு கதவைச் சாத்தாமல் இருக்க ஒரே ஒரு வார்த்தை போதும். அவ்வளவுதான் விஷயம். அம்மா கெட்டவளும் இல்லை, பெரிய சாமர்த்தியக்காரியும் இல்லை.

சிங்காரத்தின் கை அவள் தலைமேல் வந்து நின்றது. தொடவில்லை.

"பள்ளிப்பட்டுல எந்தத் தெரு?" என்று கேட்டாள் கோமளவல்லி.

"பெரிய தெருவுங்க," என்று சொல்லிவிட்டார் சிங்காரம். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு. நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கு நானே வரேன். உங்க ஊட்டம்மாவுக்கு வெத்தல பாக்கு வெச்சி நேருல அழைக்கணும் இல்ல?"

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நானே சொல்லிடறேன்."

"அதெப்படி? மொறைன்னு ஒண்ணு கீது. நாளைக்கு அவங்க, எங்கள மதிச்சி யாரு கூப்டாங்கன்னு கேட்டா எம்மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சிக்கறது? இன்னிக்கி இங்கியே படுத்துகினு காலைல கெளம்பறேன்."

சிங்காரத்தின் முகத்தில் ரத்தம் இல்லை. பெரிய தெருவில் சடகோபன் என்று எவனும் இல்லை. சிங்காரம் என்று ஒருவன் இருக்கிறான். அவனை ஊரே அறியும்.

ஜெயம்மாள் மெல்ல எழுந்தாள். "சம்பந்தி, நான் ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தாள்.

"நானும் வரேன் அத்தே," என்றாள் பத்மா.

ஜெயம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "பத்மா!"

"கல்யாணப் பொண்ணு ஊரு மேல போவக் கூடாதுடி," என்று கோமளவல்லி செல்லமாகக் கடிந்துகொண்டாள். பிறகு அவளே, "சரி, பந்தக்கால் நடற வரைக்கும் பரவால்ல. நீயும்தான் உங்க சித்தப்பா ஊட்ட எப்பப் பாக்கறது? அங்க யாரு யாருடி இருக்காங்க, தெரியுமா உனக்கு?"

பத்மா சிங்காரத்தைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"எனக்கு ஒரு தங்கச்சி கீறாளாம் அத்தே," என்றாள் பத்மா. "அவ என்னப் பாக்கணும்."